காணாக்கடி – ஒரு தடிப்பின் வரலாறு

சின்ன வயதில் எனக்கு அடிக்கடி உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். பாட்டி பார்த்த மாத்திரத்தில் "காணாக்கடிடா இது, ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லச் சொல்லுவார். டாக்டரிடம் போனால் "அலர்ஜி" என்று சொல்லி ஒரு குட்டி மாத்திரை தருவார். இரண்டில் எது கேட்டதோ தெரியாது, மறுநாள் காலையில் எல்லாம் மறைந்திருக்கும். நானும் பள்ளிக்கூடம் போய்விடுவேன். (லீவு போச்சே என்ற வருத்தம் தனி.)

காணாக்கடி என்பது நல்ல சொல் என்று இப்போது தோன்றுகிறது. கடித்ததை யாரும் காணவில்லை, ஆனால் ஏதோ கடித்திருக்கிறது என்று அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. "அலர்ஜி" என்பதும் பல நேரம் கோட்டு மாட்டிய காணாக்கடிதான் :-) ஆனால் அதில் விஷயம் தெரிந்துவிட்டது போல ஒரு தோரணை இருக்கும். அந்தத் தோரணை சில குடும்பங்களுக்கு எவ்வளவு நஷ்டத்தை உண்டாக்கியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

போன செமஸ்டரில் உயிர்வேதியியல் செமினாருக்கு எனக்கு "இன்டர்லூக்கின்" என்ற தலைப்பு வந்தது. பத்து நிமிடப் பேச்சுக்கு இரண்டு ஸ்லைடு போதும் என்று தேட ஆரம்பித்தவன் வேறு ஒரு கதையில் போய் மாட்டிக்கொண்டேன். வகுப்பில் அதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவ மாணவன் இல்லை. குழந்தைகளுக்கு வரும் தடிப்பில் மிகப் பெரும்பாலானவை என்னுடையதைப் போல வந்து போகிறவைதான். நான் சொல்லப் போவது பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் நோயைப் பற்றி. யாரும் பயப்பட வேண்டாம்.

சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். டைபாய்டு, மலேரியா, சிறுநீர்த் தொற்று என்று எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்ப்பார்கள், ஒரு கிருமியும் அகப்படாது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில நாளில் தானே போய்விடும். பிறகு திரும்பி வரும். கூடவே மூட்டு வலி, வயிற்று வலி, கண் சிவப்பு, அப்புறம் தோலில் தடிப்பு. பெற்றோர் கண்ணில் முதலில் படுவது அந்தத் தடிப்புதான். மருத்துவர்களை அதிகமாக ஏமாற்றியதும் அதுவேதான்.

1940இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கைல், ரஸ்க் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்குக் குளிர் பட்டால் உடம்பில் தடிப்பு வரும், காய்ச்சல் அடிக்கும், மூட்டு வலிக்கும். தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, கைக்குழந்தைக்கும் இருந்தது. அவர்களுக்கு அது அதிசயமே இல்லை, "எங்க வீட்டு வழக்கம்" என்கிற மாதிரி. கட்டுரையின் தலைப்பில் நோய்க்குக் கொடுத்த பெயர் 'குளிர் அர்டிகேரியா'. அர்டிகேரியா என்றால் நம் காணாக்கடிதான்.

அந்தப் பெயரிலேயே சிக்கல் ஆரம்பித்தது. சாதாரணக் குளிர் அர்டிகேரியாவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. கையில் ஒரு ஐஸ் கட்டியைச் சில நிமிடம் வைத்து எடுப்பார்கள். அந்த இடம் மட்டும் தடித்தால் நோய் உறுதி. இந்தக் குடும்பங்களில் வரும் நோய்க்கு ஐஸ் கட்டி வைத்தால் ஒன்றும் ஆகாது! உடம்பு முழுவதும் குளிர்க்காற்றில் இருந்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தடிப்பு கிளம்பும், பிறகு காய்ச்சல். ஆக, "குளிரில் வருது டாக்டர்" என்று அம்மா சொல்கிறார், சோதனை இல்லை என்கிறது. யாரை நம்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அர்டிகேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பது. இந்தத் தடிப்பு அதற்கு அசையவே அசையாது. உண்மையில் இதைச் சொறியக்கூடத் தோன்றாது. அரிப்பைவிட எரிச்சலும் வலியும்தான் அதிகம். தோலைத் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அலர்ஜியின் அடையாளம் இருக்காது. கிருமி வந்தால் ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள்தான் கூட்டமாக நிற்கும். கிருமியே இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் அறுபது வருடம் ஆனது.

1962இல் இங்கிலாந்தில் தாமஸ் மக்கிள், மைக்கேல் வெல்ஸ் இருவரும் டெர்பிஷையர் பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். இங்கேயும் பல தலைமுறையாகத் தடிப்பு, விட்டுவிட்டு வரும் நடுக்கமும் காய்ச்சலும். ஆனால் இவர்களுக்கு வளர வளரக் காது கேட்காமல் போனது. சிலர் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து கிடந்தது. உடம்பில் அழற்சி பல வருடம் ஓயாமல் எரிந்தால் சேரும் சாம்பல் என்று அதைச் சொல்லலாம்.

கட்டுரையின் தலைப்பே "தடிப்பு, செவிடு, அமிலாய்டு" என்று மூன்றையும் வரிசையாகச் சொல்கிறது. நான் படித்து நின்றுபோன இடம் இதுதான். அந்த வரிசை ஒரு மனிதனின் ஆயுள் வரிசை. குழந்தையாக இருக்கும்போது தடிப்பு, இளம் வயதில் செவிடு, நடுவயதில் சிறுநீரகம். தடிப்பு வந்த நாளிலேயே நோய் ஆரம்பித்துவிட்டது, ஆனால் தடிப்பு ஆளைக் கொல்லாது என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. மக்கிளும் வெல்ஸும் செய்த பெரிய காரியம், மூன்றும் ஒரே நோய் என்று சொன்னது. இதற்கு அவர்களிடம் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. தோலுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று பிரிந்து கிடந்த விஷயத்தை ஒரு குடும்ப மரத்தில் எழுதிப் பார்த்தார்கள்.

இதே காலத்தில் வேறு ஒரு நோயும் ஆராயப்பட்டு வந்தது. அது இல்லாமல் நம் கதை நகராது, அதனால் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம். யூதர்கள், ஆர்மீனியர்கள், துருக்கியர்கள், அரேபியர்கள் மத்தியில் அதிகமாக வரும் ஒரு காய்ச்சல். 1945இல் நியூயார்க்கில் ஷெப்பர்ட் சீகல் இதை விவரித்தார். 1948இல் ரெய்மன் 'முறைக்காய்ச்சல் நோய்' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார். 1958இல் இஸ்ரேலில் ஹெல்லரும் சோஹரும் எழுதிய கட்டுரையில் இருந்து 'குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல்' என்ற பெயர் நிலைத்தது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் கடுமையான வயிற்று வலியும் வரும். குடல்வால் வீங்கிவிட்டது என்று நினைத்து எத்தனையோ பேருக்கு வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இதிலும் தோலில் ஒரு அடையாளம் உண்டு: கணுக்காலுக்குப் பக்கத்தில் சூடாகச் சிவந்து வீங்கும் ஒரு திட்டு. பார்த்தால் கிருமி புகுந்த தோல் போலவே இருக்கும், ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். திட்டு தானாக மறைந்துவிடும், மருந்துக்கு நல்ல பெயர் கிடைக்கும்!

1972இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர் ஒரு சிறிய கடிதம் எழுதினார். தினமும் கோல்ச்சிசின் சாப்பிட்ட 5 நோயாளிகளுக்கு இந்தக் காய்ச்சல் வருவது நின்றுவிட்டது என்று. துருக்கியில் ஓஸ்கானும் அதே ஆண்டில் இதையே சொன்னார். கோல்ச்சிசின் புது மருந்து இல்லை. கீல்வாதத்துக்காக அது கிடைக்கும் செடியை ஆயிரத்து ஐந்நூறு வருடமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். (நம் ஊருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் கம்பியில் ஏற்றிப் பயிர் செய்வது இந்த விதைக்காகத்தான். அளவு மீறினால் ஆளையே கொல்லும் விஷம், பரிசோதிக்கிறேன் பேர்வழி என்று யாரும் கையை வைக்காதீர்கள்.)

கடிதம் மட்டும் போதாது என்று 1974இல் முறையான சோதனைகள் நடந்தன. அதில் ஒன்றை அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் நடத்திய இளம் மருத்துவரின் பெயர் சார்லஸ் டினரெல்லோ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லாமலே காய்ச்சல் எப்படி வரும் என்ற கேள்வி அவரை விடவில்லை. வெள்ளணுக்கள் வெளிவிடும் காய்ச்சல் பொருள் ஒன்று உண்டு என்பது முன்பே தெரியும், அதைச் சுத்தமாகப் பிரித்து எடுத்தவர் யாரும் இல்லை. 1977இல் அவர் குழு எடுத்தது. 1979இல் அதற்கு வைத்த பெயர்தான் இன்டர்லூக்கின்-1. ஆக, என் செமினார் தலைப்புக்கு வந்துவிட்டோம்.

ஆனால் குழந்தைகளின் தடிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1981இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ஆன்-மரி ப்ரியூர், க்ளோட் கிரிசெல்லி இருவரும் 3 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிறந்த கையோடு தடிப்பு, பின்பு காய்ச்சல், முழங்கால் எலும்பு முண்டு முண்டாக வளர்வது, மூளை உறையில் அழற்சி, பார்வையும் கேட்கும் சக்தியும் குறைவது. இதுவரை நான் சொன்னவற்றில் மிகக் கொடூரமானது இதுதான். பிறந்த குழந்தைக்குத் தடிப்பும் காய்ச்சலும் என்றால் கருவிலேயே தொற்றியது என்றுதான் முதலில் நினைப்பார்கள். கிருமியைத் தேடித் தேடி மாதக்கணக்கு போகும், அதற்குள் மூளையில் சேதம் நடந்து கொண்டிருக்கும். ஐரோப்பாவில் இதற்கு ஒரு பெயர், அமெரிக்காவில் இன்னொரு பெயர். இரண்டும் வாயில் நுழையாத சுருக்கெழுத்துகள்.

இப்படிக் குளிர்த்தடிப்பு ஒரு நோய், மக்கிள்-வெல்ஸ் ஒரு நோய், பாரிஸ் குழந்தைகளின் நோய் இன்னொன்று என்று மூன்று பாடப்புத்தகங்களின் மூன்று மூலைகளில் அவை கிடந்தன.

அவற்றை ஒன்று சேர்த்தது மரபணு. முதலில் 1997இல் மத்தியதரைக்கடல் காய்ச்சலின் மரபணுவை ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. ஒரு குழு அதன் புரதத்துக்குப் பைரின் என்று பெயர் வைத்தது, கிரேக்க மொழியில் நெருப்பு. 1999இல் அயர்லாந்து வம்சாவளிக் குடும்பங்களில் வரும் மற்றொரு காய்ச்சலின் மரபணு கிடைத்தது. அதிலும் ஒரு தடிப்பு உண்டு, வலிக்கிற சிவப்புத் திட்டாகக் கை கால் வழியே மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அந்தக் கட்டுரையில்தான் மெக்டெர்மாட், காஸ்ட்னர் குழு "தன்னழற்சி" என்ற புதிய வகையை முன்வைத்தது. அதுவரை உடம்பு தன்னையே தாக்கினால் அதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு: எதிர்ப்பு அணுக்கள் தன் உடலையே எதிரி என்று தப்பாக அடையாளம் கண்டுவிட்டன. இந்த நோய்களில் அப்படி எந்த அடையாளக் குழப்பமும் இல்லை. அபாய மணியின் ஸ்விட்சே கோளாறு, யாரும் வராமலே மணி அடிக்கிறது.

மக்கிள்-வெல்ஸுக்கான மரபணு 1ஆம் குரோமோசோமின் கடைசி முனையில் எங்கோ இருக்கிறது என்று 1999இல் பிரெஞ்சுக் குழு சொன்னது. 2000இல் சான் டியேகோவில் ஹால் ஹாஃப்மன், குளிர்த்தடிப்பு நோயின் மரபணுவைத் தேடிக்கொண்டு அதே முனைக்கு வந்து சேர்ந்தார். 2001இல் விடை தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே மரபணு! அதன் புரதத்துக்குக் கிரையோபைரின் என்று பெயர். குளிர், நெருப்பு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் ஒட்டு. அறிவியலில் இவ்வளவு பொருத்தமான பெயர் அடிக்கடி கிடைப்பதில்லை. 2002இல் பாரிஸ் குழந்தைகளின் நோயும் அதே மரபணுவில் வந்து நின்றது. மூன்று மூலைகளில் கிடந்தவை ஒரே நோயின் இளசான, நடுத்தரமான, கடுமையான மூன்று வடிவங்கள் என்று ஆனது.

அதே 2002இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் யூர்க் சோப்பின் ஆய்வுக்கூடம், செல்லுக்குள் சில புரதங்கள் ஒன்றுகூடி அமைக்கும் 'இன்ஃப்ளமசோம்' என்ற இயந்திரத்தை விவரித்தது. கிரையோபைரினும் அப்படி ஒரு இயந்திரத்தை அமைக்கும் புரதம்தான் என்பது சீக்கிரமே தெரிந்தது. அந்த இயந்திரத்தின் வேலை, தூங்கிக் கிடக்கும் இன்டர்லூக்கின்-1ஐ வெட்டி எழுப்பி வெளியே அனுப்புவது. டினரெல்லோ பிரித்தெடுத்த அதே பொருள்.

இங்கே அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், மருந்து ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா என்ற ஊசி. 1990களில் ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடுகிறவர்களுக்காக இதைச் சோதித்தார்கள், தோற்றது. பிறகு 2001இல் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது, அங்கேயும் சுமார் ரகம்தான். 2003இல் லண்டனில் ஹாக்கின்ஸ், லாக்மன், மெக்டெர்மாட் மூவரும் மக்கிள்-வெல்ஸ் நோயாளிகள் 2 பேருக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் தடிப்பு, காய்ச்சல், வலி எல்லாம் நின்றுவிட்டன. வாழ்நாள் முழுக்க ஒரு நாள்கூட முழுதாக ஓயாத ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஓய்ந்தால் எப்படி இருந்திருக்கும்? அமிலாய்டாக மாறும் ரத்தப் புரதத்தின் அளவும் சில நாட்களில் இயல்புக்கு வந்தது. சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போவது இந்த எண்தான்.

2004இல் ஹாஃப்மன் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. குளிர்த்தடிப்பு நோயாளிகளைச் சம்மதத்தோடு குளிர் அறையில் உட்கார வைத்தார். குடும்பங்கள் சொல்லி வந்த மாதிரியே சில மணி நேரத்தில் தடிப்பும் காய்ச்சலும் வந்தன. இன்னொரு முறை, முன்கூட்டியே அனகின்ரா போட்டுவிட்டு அதே அறைக்குள் அனுப்பினார். ஒன்றும் வரவில்லை. கைல், ரஸ்க் எழுதி 64 வருடம் கழித்து, "குளிரில் வருது டாக்டர்" என்று சொன்ன அம்மாக்களின் வாக்குமூலம் நிரூபணமானது. ஐஸ் கட்டியை வைத்துப் பார்த்ததற்குப் பதில் இப்படி ஒரு அறையில் உட்கார வைத்துப் பார்க்க 1940இலேயே முடிந்திருக்கும். அதற்கு மரபணு எதுவும் வேண்டாம். நோயாளி சொல்வதை அவர் சொன்னபடியே சோதிக்கலாம் என்ற எண்ணம் போதும். இதைப் பெரிய மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, என் கருத்து இது.

2006இல் ரஃபேலா கோல்ட்பாக்-மான்ஸ்கி தலைமையில் கடுமையான வடிவம் உள்ள 18 பேருக்கு அனகின்ரா கொடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எல்லோருக்கும் தடிப்பு மறைந்தது. மூளை உறை அழற்சி குறைந்தது. சோதனைக்காகச் சிலருக்கு மருந்தை நிறுத்தியபோது சில நாளிலேயே நோய் திரும்பியது. ஆனால் ஏற்கெனவே முண்டு கட்டிய முழங்கால் சரியாகவில்லை. போன செவிப்புலனும் பெரும்பாலும் போனதுதான். எந்த வயதில் ஊசி ஆரம்பித்தது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. அதாவது அந்த முதல் தடிப்பை யார், எப்போது, என்னவென்று படித்தார்கள் என்பதைப் பொறுத்து.

அந்த 18 பேரில் 6 பேருக்கு மரபணுவில் எந்தப் பிழையும் தென்படவில்லை. நோய் அச்சு அசலாக அதேதான், மருந்தும் அதேபோல் கேட்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் இப்படிப்பட்ட பலருக்கு விடை கிடைத்தது. பிழை உடம்பின் எல்லாச் செல்களிலும் இல்லை, ஒரு பகுதியில் மட்டும் இருக்கிறது. கருவில் செல் பிரியும்போது ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த பிழை. ரத்தத்தின் சில செல்களில் மட்டும் இருந்ததால் பழைய முறைச் சோதனையின் கண்ணுக்கு அது தெரியவில்லை. காணாக்கடியேதான்!

2009இல் இன்னொரு புதிர் அவிழ்ந்தது. பிறந்த சில வாரத்திலேயே தோலெல்லாம் சீழ்க்கொப்புளம், எலும்பில் அழற்சி. கிருமி கிடையாது. அந்தக் குழந்தைகளுக்கு இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்க உடம்பே தயாரிக்கும் புரதம் பிறவியிலேயே இல்லை. அனகின்ரா என்பது ஏறக்குறைய அந்தப் புரதத்தின் நகல்தான். ரத்தக் கிருமிக்குத் தோற்றுப் போன மருந்து, இவர்களுக்கு இல்லாத உறுப்பையே செய்து கொடுத்தது போல ஆயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும், முறை வைத்துக் காய்ச்சல் வரும் குழந்தைகளில் பலருக்கு எந்த மரபணுவும் அகப்படுவதில்லை. தெரிந்த எந்த நோயின் கட்டத்திலும் அவர்கள் அடங்குவதில்லை. "வகைப்படுத்தப்படாத திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்" என்று அவர்களுக்கு இப்போது தனியாக ஒரு பெயர் இருக்கிறது. பாட்டியின் சொல்லைப் போலவே, தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் பெயர். சிகிச்சை வேண்டுமே என்று அவர்களில் பலருக்கு முதலில் கொடுத்துப் பார்ப்பது, செங்காந்தள் விதையில் இருக்கும் அதே கோல்ச்சிசின். கணிசமான பேருக்குக் கேட்கவும் செய்கிறது.